மாடியிலிருந்து ஒரு புறக்கோளை அளப்பது எப்படி, அதன் நிலவு ஏன் சிக்காது

கேள்வி இதுதான்: மதுரையில் வீட்டு மாடியில் 20 செ.மீ. விட்டமுள்ள நியூட்டோனியன் தொலைநோக்கியும், மோட்டார் பூட்டிய ஈக்குவட்டோரியல் மவுண்ட்டும் (வானத்தின் சுழற்சியோடு தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி), ஒரு கேமராவும் இருக்கின்றன. வேறு விண்மீனைச் சுற்றும் கோள் (புறக்கோள்) ஒன்றை இவற்றால் பார்க்க முடியுமா? முடிந்தால் அதன் நிலவையும் பிடிக்கலாமா?

கோளைப் பார்க்க முடியாது, ஆனால் அது அங்கே இருக்கிறது என்று அளந்து காட்டிவிடலாம். நல்ல வானம் அமைந்தால் ஒரே இரவு போதும். நிலவு நடக்காது. உங்கள் கருவியின் குறை என்று நினைக்க வேண்டாம். புறக்கோள் ஒன்றின் நிலவு இன்றுவரை எந்தக் கருவிக்கும் ஐயத்துக்கு இடமில்லாமல் சிக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: நம் கைக்கு எளிதில் எட்டும் கோள்களுக்கு நிலவு இருக்கவே வழியில்லை. அந்தக் கணக்கைப் பின்னால் போட்டுப் பார்ப்போம்.

நேரில் ஏன் பார்க்க முடியாது என்பதற்கு ஓர் எண் போதும். வாஸ்ப்-43பி என்ற கோள் இங்கிருந்து ஏறத்தாழ 280 ஒளியாண்டு தொலைவில், தன் விண்மீனிலிருந்து சுமார் 23 லட்சம் கி.மீ. தள்ளிச் சுற்றுகிறது. நம் புதன் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் இது இருபத்தைந்தில் ஒரு பங்கு. வானத்தில் இந்த இடைவெளி 0.0002 விகலைக்கும் குறைவு (விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). 20 செ.மீ. ஆடி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் 0.6 விகலை. ஆக, மூவாயிரம் மடங்குக்கு மேல் எட்டாத சங்கதி. இதுவரை நேரடியாகப் படமெடுக்கப்பட்ட கோள்கள் மிகச் சில. எச்ஆர் 8799-இன் கோள்களைப் போல விண்மீனை விட்டு வெகுதூரம் விலகி, இன்னும் சூடு ஆறாமல் தாமே ஒளிர்பவைதான் அவற்றில் பெரும்பாலானவை. அதற்கும் 8, 10 மீட்டர் ஆடிகள் தேவைப்பட்டன.

நமக்குள்ள வழி கடப்பு. கோள் தன் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி சற்றுக் குறையும். எவ்வளவு குறையும் என்பது பரப்பு விகிதம்தான்: கோளின் ஆரத்தை விண்மீனின் ஆரத்தால் வகுத்து இருபடியாக்கினால் விடை வந்துவிடும். நம் சூரியனை வியாழன் மறைத்தால் 1 விழுக்காடு குறையும். பூமி மறைத்தால் 0.0084 விழுக்காடு. முதல் எண் மாடிக்கு எட்டும், இரண்டாவது எட்டாது. கடப்பு முதன்முதலாகப் பதிவானதும் பெரிய கருவியால் அல்ல. 1999-இல் டேவிட் சார்பனோவும் உடனிருந்தவர்களும் எச்டி 209458 என்ற விண்மீனின் ஒளி 1.5 விழுக்காடு இறங்குவதை அளந்தது 10 செ.மீ. தொலைநோக்கியில். உங்களிடம் இருப்பதில் பாதி அளவு!

முதல் முயற்சிக்கு அந்தப் புகழ்பெற்ற விண்மீன்களையே பலரும் எடுக்கிறார்கள். எச்டி 209458, எச்டி 189733 இரண்டும் ஏழரைக்குச் சற்று மேற்பட்ட பொலிவெண் கொண்டவை (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). பொலிவு மிகுந்தது எளிது என்று தோன்றும். உண்மையில் அதுதான் தொல்லை. கடப்பை அளப்பது என்றால், அதே படத்திலுள்ள வேறு விண்மீன்களோடு ஒப்பிட்டு அளப்பது. 1,000 மி.மீ. குவியத்தூரமும் 11 மி.மீ. சென்சாரும் சேர்ந்தால் கிடைக்கும் வான்பரப்பு 0.63 பாகை, முழுநிலவைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு அகலம். அதற்குள் இன்னொரு ஏழாம் பொலிவெண் விண்மீன் அநேகமாக இருக்காது. பத்தாம் பொலிவெண் விண்மீனோடு ஒப்பிட்டால் அதன் இரைச்சல் (அளவீட்டின் தடுமாற்றம்) முழுவதும் உங்கள் வளைகோட்டில், அதாவது நேரத்தோடு ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டில், ஏறிக்கொள்ளும். போதாக்குறைக்கு, எச்டி 189733 தன் முகத்தில் கரும்புள்ளிகள் சுழன்று வருவதால் தானே ஒன்றிரண்டு விழுக்காடு ஏறி இறங்கும் விண்மீன். அது நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூலையில், தென்மேற்குப் பருவ மேகங்களுக்கு நடுவே.

தமிழ்நாட்டுக்கு நான் சொல்வது வாஸ்ப்-43பி. தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் கடப்பு தேடிக்கொண்டிருந்த வாஸ்ப் கேமராக்கள் கண்டுபிடித்து 2011-இல் வெளிவந்தது. அந்தக் கேமராக்களில் இருந்தவை 200 மி.மீ. கேனன் லென்சுகள் என்பது மாடிக்காரர்களுக்குத் தெம்பு தரும் செய்தி. விண்மீனின் பொலிவெண் 12.4, சிவப்பு வடிகட்டி வழியே சற்றுக் கூடுதல் பொலிவாகவே தெரியும். சூரியனில் மூன்றில் இரண்டு பங்கு ஆரமுள்ள சிறிய விண்மீன் என்பதால் வியாழன் அளவுள்ள கோளே அதில் 2.5 விழுக்காட்டை மறைத்துவிடுகிறது. கடப்பு 70 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு சுற்று 19 மணி 31 நிமிடம். மகம் விண்மீனுக்குத் தெற்கே 22 பாகையில், வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. மதுரையில் உச்சியைக் கடக்கும்போது 70 பாகை உயரம். பிப்ரவரிக் கடைசியில் நள்ளிரவிலும், மார்ச் இறுதியில் இரவு பத்து மணிவாக்கிலும் நடுவானுக்கு வரும். வானம் தெளிந்திருக்கும் மாதங்களும் அவைதான். டிசம்பர், ஜனவரியில் தொடங்க ஆசைப்பட்டால் ஆரிகாவிலுள்ள வாஸ்ப்-12பி இருக்கிறது. ஆனால் அதன் இறக்கம் ஒன்றரை விழுக்காட்டுக்குள்தான், கடப்பும் மூன்று மணிநேரம். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

எந்த இரவு என்பதைக் கடப்பு முன்கணிப்புத் தளங்கள் சொல்லும். எக்சோகிளாக், ஸ்வார்த்மோர் கல்லூரியின் கடப்புத் தேடி இரண்டும் இலவசம், உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் பட்டியல் தந்துவிடும். கையாலும் போடலாம்: ஒரு கடப்பைப் பிடித்துவிட்டால், 4 நாள் 1 மணி 37 நிமிடம் கழித்து ஐந்தாவது சுற்று, 13 நாள் 22 நிமிடம் கழித்துப் பதினாறாவது சுற்று. மேகம் கெடுத்தால் பதின்மூன்று நாளில் ஏறத்தாழ அதே நேரத்தில் மறுவாய்ப்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

தேர்ந்தெடுக்கும் இரவில் கடப்பின் நடுநேரம், விண்மீன் உச்சியைத் தாண்டி ஒன்றரை மணிநேரத்துக்குப் பின் இருக்கட்டும். காரணம் மவுண்ட். ஜெர்மன் வகை மவுண்ட் உச்சிக்கோட்டில் தொலைநோக்கியைத் திருப்பிப் போடும். திருப்பியதும் விண்மீன் சென்சாரின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும், அங்கே தூசி வேறு, பிக்சல் வேறு. வளைகோட்டில் ஒரு படி விழும், அது கடப்பின் விளிம்பைப் போலவே இருக்கும். கடப்புக்கு முன் ஒரு மணி, பின் ஒரு மணி என்று மொத்தம் 3 மணி 10 நிமிடம் தேவை. உச்சி தாண்டிய உடனே தொடங்கினால் முடியும்போது விண்மீன் இன்னும் 39 பாகை உயரத்தில் இருக்கும். 30 பாகைக்குக் கீழே இறங்கினால் காற்றின் தடிமன் இரட்டிப்பாகும், அங்கே எடுப்பது வீண். முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் எதற்கு என்று கேட்டு அதைக் குறைப்பவர்கள் உண்டு. இறக்கம் எவ்வளவு என்று சொல்ல, இறங்காதபோது எந்த மட்டம் என்று தெரிய வேண்டுமே. ஒரு பக்க மட்டம் இல்லாத வளைகோட்டில் சாய்வையும் இறக்கத்தையும் பிரிக்க முடியாது.

துருவச் சீரமைப்பு, அதாவது மவுண்ட்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக நிறுத்துவது, நம் ஊரில் தனித் தலைவலி. மதுரையில் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் 10 பாகைதான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டியோ தென்னையோ மறைத்துவிடும், மறைக்காவிட்டாலும் தூசு மண்டலத்தில் மங்கிக்கிடக்கும். பல மவுண்ட்டுகளில் இவ்வளவு தாழ்ந்த அட்சரேகைக்குச் சாய்த்தால் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் முக்காலியின் வடக்குக் காலைச் சற்றுத் தாழ்த்தி ஐந்தாறு பாகை ஈட்டலாம். ஆனால் எடைமையம் நகரும், காற்றில் கவிழாதபடி தெற்குக் கால்களில் பாரம் கட்டுங்கள். துருவ விண்மீன் தெரியாத இடத்தில் நீனா மென்பொருளின் மூன்று புள்ளி முறை கைகொடுக்கும். வானத்தில் ஏதோ மூன்று இடத்தைப் படமெடுத்து அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுவிடும். பிழை 3 கலைக்குள் (கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வந்தால் போதும்.

இந்தச் சீரமைப்புக்கு இத்தனை பாடு எதற்கென்றால், மூன்று மணிநேரமும் ஒவ்வொரு விண்மீனும் அதே நாலைந்து பிக்சலில் உட்கார வேண்டும். கைடிங் கேமரா (ஒரு விண்மீனைப் பார்த்தபடி மவுண்ட்டைத் திருத்தும் துணைக் கேமரா) இருந்தாலும் துருவப் பிழை பெரிதாக இருந்தால் படப்பரப்பு மெல்லச் சுழலும், ஓரத்து விண்மீன்கள் நகரும். நகர்ந்த இடத்தில் ஒரு தூசுத் துணுக்கின் நிழல் இருந்தால் 1 விழுக்காடு போயே போயிற்று.

கேமரா கறுப்பு-வெள்ளை சீமாஸ் என்றால் நல்லது, வண்ணக் கேமராவும் டிஎஸ்எல்ஆரும் செய்யும். டிஎஸ்எல்ஆரில் ரா கோப்பு மட்டும், அதிலும் பச்சைப் பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் எடுத்தால் எல்லாம் வீண், கேமராவே ஒளியை வளைத்துத் தந்துவிடும். இரைச்சல் குறைப்பு, தானியங்கி கெயின் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கறுப்பு-வெள்ளைக் கேமராவுக்கு வடிகட்டி சிவப்பு. நீலத்தை வெட்டுவதற்கு இரண்டு காரணம்: தெருவிளக்கின் சிதறலும் நிலவொளியும் நீலத்தில் அதிகம், காற்று விழுங்குவதும் நீலத்தில் அதிகம். வாஸ்ப்-43 ஆரஞ்சு நிற விண்மீன், ஒப்பீட்டு விண்மீன் வெள்ளையாக இருந்து வடிகட்டியும் இல்லாவிட்டால், வானத்தில் தாழத் தாழ இரண்டின் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் குறையும். வளைகோடு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

எக்ஸ்போஷர் 60 விநாடி. அது ஏன் என்பதற்குக் கணக்கு உண்டு. பன்னிரண்டாம் பொலிவெண் விண்மீனிலிருந்து, 20 செ.மீ. ஆடியில், சிவப்பு வடிகட்டி வழியே, கண்ணாடி, சென்சார் இழப்பெல்லாம் போக, நிமிடத்துக்கு ஒரு லட்சம் எலக்ட்ரான் தேறும். அதன் இருபடி மூலம் 316, அதாவது 0.3 விழுக்காடு இரைச்சல் இயற்கையிலேயே உண்டு. நகர வானத்தின் வெளிச்சமும், விண்மீன் மினுக்கத்தின் 0.15 விழுக்காடும், ஒப்பீட்டு விண்மீன்களின் பங்கும் சேர்ந்தால் ஒரு படத்துக்கு 0.4 முதல் 0.5 வரை வரும். தேடுவது 2.5 விழுக்காடு இறக்கம். ஐந்து படங்களைச் சராசரியாக்கினால் இரைச்சல் 0.2-க்கு வந்துவிடும், இறக்கம் கண்ணுக்கே தெரியும். 10 விநாடி படங்களாக எடுத்தால் மினுக்கம் மட்டுமே 0.4 விழுக்காட்டுக்கு ஏறும். அதற்காக 5 நிமிடப் படமும் வேண்டாம், ஒளி இறங்கும் விளிம்பு கால்மணி நேரம்தான், அதில் மூன்றே புள்ளி கிடைக்கும். எந்த விண்மீனின் உச்சப் பிக்சலும் 65,535-இல் 40,000-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சென்சார் ஒளிக்கு ஏற்ற விகிதத்தில் எண்ணாது. பொலிவான விண்மீனுக்குக் குவியத்தை வேண்டுமென்றே சற்றுக் கலைத்து ஒளியைப் பரப்புவது வழக்கம், பன்னிரண்டாம் பொலிவெண்ணுக்கு அது தேவையில்லை.

பிளாட் படங்களில்தான் (தூசி நிழலைத் திருத்த, சீரான ஒளியை எடுக்கும் படங்கள்) பெரும்பாலோர் தோற்கிறார்கள். மாலை மங்கும் வானத்தை, தொலைநோக்கி வாயில் வெள்ளைத் துணி கட்டி, சென்சாரின் நடு அளவுக்கு ஒளி விழும்படி 30 படம் எடுங்கள். எடுத்தபின் கேமராவைக் கழற்றவோ திருப்பவோ குவியத்தைப் பெரிதாக மாற்றவோ கூடாது. நேற்றைய பிளாட் இன்றைக்கு ஆகாது. அதே வெப்பநிலையில், அதே 60 விநாடியில் சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க மூடிபோட்டு 20 டார்க் படம், பிளாட்டின் எக்ஸ்போஷரில் இன்னொரு 20.

நேரத்துக்கு வருவோம். கணினிக் கடிகாரம் தானாகவே ஒரு நாளில் பல விநாடி பிசகும். இணையவழி நேரச் சேவையோடு அரைமணிக்கு ஒருமுறை ஒத்திசையும்படி வையுங்கள், ஜிபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு விநாடிக்குள் சரியாக இருந்தால் போதும். ஒரு நொடியில் என்ன குடிமுழுகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். வாஸ்ப்-43பி ஆண்டுக்கு 449 முறை சுற்றுகிறது. சுற்றுக்காலத்தில் 0.1 விநாடி பிழை இருந்தால் ஓராண்டில் 45 விநாடி, பத்தாண்டில் ஏழரை நிமிடம் தவறும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஏரியல் போன்ற விண்கலங்கள் நேரம் தவறிப்போய் நிற்காதிருக்கத்தான் எக்சோகிளாக் அமெச்சூர்களின் அளவீடுகளைத் திரட்டுகிறது.

அதே காரணத்தால் நேரத்தை எந்த அளவுகோலில் எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீனின் ஒளி ஒருசமயம் 8 நிமிடம் முன்னும் ஒருசமயம் 8 நிமிடம் பின்னும் வந்து சேரும். அதைச் சூரியக் குடும்பத்தின் எடைமையத்துக்கு மாற்றி எழுத வேண்டும். யூடிசி எனும் உலகப் பொதுநேரத்துக்கும் வானியல் இயக்க நேரத்துக்கும் இடையே இன்று 69.2 விநாடி வேறுபாடு உள்ளது. "என் கடப்பு சரியாக 69 விநாடி தள்ளி வருகிறதே, இன்னொரு கோள் இழுக்கிறதோ?" என்று யாராவது கேட்டால் விடை இதுதான். இந்த இரண்டையும் மென்பொருளே மாற்றித் தரும், சரியான பெட்டியில் டிக் செய்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

இரவில் கெடுபவை சில்லறை விஷயங்கள். கான்கிரீட் தளம் பகல் வெயிலைக் கக்கி முடிக்க இரவு பதினொரு மணியாகும், அதுவரை விண்மீன் கொதித்துக்கொண்டே இருக்கும், ஆகவே பின்னிரவுக் கடப்புகளை விரும்புங்கள். மாடியில் யாரும் நடக்கக் கூடாது. பிப்ரவரியில் பனி இறங்கும். நியூட்டோனியனின் இரண்டாம் ஆடியும் கைடு லென்சும் வியர்த்தால் ஒளி மெல்லமெல்லக் குறைந்து அழகான பொய்க்கடப்பு ஒன்றைத் தரும், வெப்பப் பட்டை சுற்றுங்கள். மின்சாரம் போனால் மவுண்ட் இடம் மறந்துவிடும், 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுவது நிம்மதி. கணினியின் உறக்கத்தையும் தானியங்கிப் புதுப்பிப்பையும் மறக்காமல் அணையுங்கள்.

படங்களிலிருந்து வளைகோடு எடுக்க ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே போதும், விலை கிடையாது. டார்க்கைக் கழித்து, பிளாட்டால் வகுத்தபின் வாஸ்ப்-43-ஐச் சுற்றி ஒரு வட்டம், ஒப்பீட்டு விண்மீன்கள் நாலைந்தைச் சுற்றி அதே அளவு வட்டம். வட்டத்தின் ஆரம் விண்மீன் உருவத்தின் அரையுயர அகலத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து தொடங்குங்கள். ஒப்பீட்டு விண்மீன்கள் பொலிவிலும் நிறத்திலும் ஏறத்தாழ ஒத்திருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றையும் ஒருமுறை "கோள் உள்ள விண்மீன்" இடத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். தட்டையாக வராதது மாறுவிண்மீன், தூக்கியெறியுங்கள்.

கடைசிப் படியில் ஓர் எச்சரிக்கை. காற்றுத் தடிமன், விண்மீன் உருவ அகலம், எக்ஸ் நகர்வு, ஒய் நகர்வு, வானப் பின்னணி என்று திருத்தங்களை அடுக்க மென்பொருள் இடம் தருகிறது. ஐந்தையும் ஏற்றினால் எந்தக் குப்பையும் கடப்பாக நேராகும். காற்றுத் தடிமன் ஒன்று போதும் என்பது என் கருத்து. அதோடு தெரியாத இறக்கம் வேறெதோடும் தெரிய வேண்டியதில்லை. சரியாக வந்ததா என்பதற்கு அடையாளம்: ஆழம் 2.3-க்கும் 2.8-க்கும் இடையே, நடுநேரம் முன்கணிப்பிலிருந்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள், அடிப்பகுதி சற்றே வளைந்த கிண்ணம் போல. விண்மீனின் ஓரம் நடுவைவிட மங்கலாக இருப்பதால் அடிப்பகுதி முழுத் தட்டையாக இராது. 5 விழுக்காடு வந்தால் சந்தோஷப்படாமல் பிளாட்டைச் சோதியுங்கள். வட்டத்துக்குள் இன்னொரு மங்கல் விண்மீன் நுழைந்தாலும் ஆழம் மாறும். கடப்பு தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் 21 விகலை அகலம், அதற்குள் பல விண்மீன்கள் மாட்டிக்கொள்ளும். நாற்பது மடங்கு மங்கலான ஒன்று தன் துணை விண்மீனால் பாதி மறைக்கப்பட்டால் கூட்டு ஒளியில் 1.2 விழுக்காடு இறக்கம், அசல் கோள் போலவே இருக்கும். ஒரு விகலைக்குக் கீழே பிக்சல் உள்ள உங்களைப் போன்றோரின் படங்கள்தான் இந்த ஆள்மாறாட்டத்தைப் பிடிக்கின்றன.

இனி நிலவு. ஒரு கோள் தன் நிலவைப் பிடித்துவைத்திருக்கக்கூடிய எல்லை, கோளின் எடையையும் அது விண்மீனிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. வாஸ்ப்-43பி வியாழனைப் போல இருமடங்கு எடை, விண்மீன் சூரியனில் 0.72 பங்கு. போட்டால் அந்த எல்லை 2,20,000 கி.மீ. வருகிறது. நெடுங்காலம் நிலைத்திருக்க நிலவு அதில் பாதிக்குள், அதாவது 1,10,000 கி.மீ.க்குள் சுற்ற வேண்டும். மறுபுறம், நம் நிலவு போன்ற பாறை உருண்டை ஒன்று அந்தக் கோளுக்கு 1,60,000 கி.மீ.க்குள் வந்தால் அலைவிசையால் சிதைந்துபோகும். வெளியே நின்றால் விண்மீன் பறித்துக்கொள்ளும், உள்ளே நின்றால் கோள் உடைத்துவிடும். நடுவில் இடமே இல்லை. விண்மீனை ஒட்டிச் சுற்றுவதால்தான் நமக்கு வாரம் ஒரு கடப்பு கிடைக்கிறது, அதே நெருக்கம் நிலவை ஒழித்துவிட்டது.

நிலவு வாழ இடமுள்ள கோள்கள் விண்மீனை விட்டு விலகியவை, அவை கடப்பது ஆண்டுக்கொருமுறை, ஈராண்டுக்கொருமுறை. கெப்ளர்-1625பி சுற்ற 287 நாள். அதைக் கண்ட கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவில் இருந்தவை மூன்றே கடப்புகள். 2017 அக்டோபரில் ஹப்பிளை 40 மணிநேரம் திருப்பியதில் கடப்பு எதிர்பார்த்ததைவிட ஒன்றேகால் மணிநேரம் முந்தி வந்தது, கோள் வெளியேறிய பின் இன்னொரு சிறு இறக்கமும் தென்பட்டது. நெப்டியூன் அளவு நிலவாக இருக்கலாம் என்று வானியலாளர்கள் டீச்சியும் கிப்பிங்கும் 2018-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே லாரா கிரைட்பெர்க் குழு அதே ஹப்பிள் பதிவைத் தம் முறையில் திருத்திப் பார்த்தபோது அந்தச் சிறு இறக்கம் காணாமல் போயிற்று. திருத்தங்களை அடுக்குவது பற்றி மேலே சொன்னேனே, ஹப்பிளுக்கும் அதே சிக்கல்தான். 2022-இல் வந்த கெப்ளர்-1708பி நிலவுக்கு ஆதாரம் இரண்டே கடப்பு, அதுவும் வழக்கில்தான் கிடக்கிறது. ஒளி இறக்கத்தை விட்டு நேரத்தை மட்டும் பார்த்தாலும் விளைவு சிறிது: நம் நிலவு பூமியை அசைப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பூமியின் கடப்பு இரண்டரை நிமிடம் முன்பின் ஆகும். அரை நிமிடத் துல்லியம் மாடியிலேயே கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்தத் துல்லியம் 2.5 விழுக்காடு ஆழத்துக்கு, 0.0084-க்கு அல்ல.

சிறு பொருள்களில் ஆச்சரியமாக நிலைமை மேல். அகத்தியர் விண்மீனுக்கு மேற்கே ஆறு பாகையில் பீட்டா பிக்டோரிஸ் இருக்கிறது. பொலிவெண் 3.9, தெற்கு அடிவானம் இருண்ட ஊரில் வெறுங்கண்ணுக்கே தெரியும், மதுரையில் 29 பாகை உயரம் வரை வரும். அதன் முன்னால் வால்மீன்கள் ஓடுவதை 1987-இலேயே நிறமாலையில் கால்சியக் கோடுகள் மாறுவதைக் கொண்டு கண்டுகொண்டார்கள். டெஸ் பதிவுகளில் 2019-இல் அவற்றின் ஒளி இறக்கமே தெரிந்தது, சட்டென்று விழுந்து வால் நகர நகர மெல்ல ஏறும் வடிவம். ஆழம் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள். காற்று மண்டலத்துக்குக் கீழிருந்து, அதுவும் 29 பாகையில், அது முடியாது. கன்னியிலுள்ள டபிள்யூடி 1145+017 என்ற வெண்குறு விண்மீனை உடைந்துகொண்டிருக்கும் குறுங்கோள் ஒன்று நாலரை மணிக்கொருமுறை சுற்றுகிறது. இறக்கம் 40 விழுக்காடு வரை போனதுண்டு, அமெச்சூர்களே மாதக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பொலிவெண் 17 என்பதால் 20 செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஆயிரம் எலக்ட்ரான்தான் தேறும், நகர வானம் அதை மூழ்கடித்துவிடும்.

ஆக, வேறு விண்மீனைச் சேர்ந்த ஒரு பொருளை நேரடியாகவே படமெடுக்க வேண்டுமென்றால் அது இங்கே வரும்வரை காத்திருப்பதுதான் வழி. 2017-இல் ஓமுவாமுவா வந்தது, சிறியது, மங்கலானது. 2019 ஆகஸ்ட்டில் வந்த போரிசோவ் வால்மீனைக் கண்டுபிடித்தவர் கென்னடி போரிசோவ், தாமே செய்த 65 செ.மீ. தொலைநோக்கியால். 2025 ஜூலை 1 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியில் பட்ட மூன்றாவது விருந்தாளி பூமிக்கு ஏறத்தாழ 27 கோடி கி.மீ.க்குள் வரவில்லை, ஆனாலும் அந்த ஆண்டுக் கடைசியில் 20 செ.மீ. ஆடிக்கு எட்டும் பொலிவில் இருந்தது. இவை சூரியனுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதைப் பாதையின் மையப்பிறழ்ச்சி காட்டிக்கொடுக்கும். 1-ஐத் தாண்டினால் திரும்பி வராது: ஓமுவாமுவாவுக்கு 1.2, போரிசோவுக்கு 3.4, மூன்றாவதற்கு 6.1. அடுத்தது அறிவிக்கப்பட்டால் மைனர் பிளானட் சென்டர் வெளியிடும் பாதை எண்களை மவுண்ட் மென்பொருளில் ஏற்றி, கைடிங்கை விண்மீனுக்குப் பதில் வால்மீனின் வேகத்துக்கு மாற்றி, 30 விநாடிப் படங்களாக எடுத்து அடுக்குங்கள். அதற்கும் அதே பிளாட், அதே கடிகாரம்தான்.